பூச்சி மருந்து

எங்கள் ஊரில் ஒரு நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போனால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள். அடுத்த கேள்வி, யார் வைத்தது? அதற்கான பதில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறவர் யாராவது இருந்தால் பத்து நிமிடம் போதும்.

மருந்து என்ற சொல்லே நம்மிடம் அப்படித்தான் இருக்கிறது. பிழைக்க வைப்பதும் மருந்து, கொல்வதும் மருந்து. வாழைக்கும் நெல்லுக்கும் அடிப்பது பூச்சி மருந்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சப்பச் சொல்லிக் கொடுக்கிற மாத்திரையும் பூச்சி மருந்துதான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன். முதல் மூன்று மாதம் கோபத்தில். அடுத்த இரண்டு மாதம் வெட்கத்தில்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு முன்னால் மண் முற்றம். சிமெண்டு போட்டுவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கிறேன். "சிமெண்டுல சாணி தெளிச்சா நிக்குமால, போல அங்கிட்டு" என்று ஆச்சி வாயை அடைத்துவிடுவாள். முற்றத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மரத்தடி மண் காயவே காயாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐப்பசியில்தான் செவலை வந்தது. கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு சிநேகிதர் கொடுத்த 45 நாள் குட்டி. கன்னி நாய் ரத்தம் கலந்தது என்றார். சொல்வார்கள்தான். எங்கள் பக்கத்தில் எந்தத் தெருநாயை விசாரித்தாலும் அதற்கு ஒரு ராஜபாளையத்துப் பாட்டியோ சிப்பிப்பாறைத் தாத்தாவோ இருந்திருப்பார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, இனிக் கவலையில்ல" என்றும் சொன்னார். நானும் கவலைப்படவில்லை.

வந்த இரண்டாவது வாரம் அண்ணாச்சி வீட்டு விடைக்கோழி ஒன்றைச் செவலை கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அவர் வேலியோரம் நின்று, "இதுக்கு மருந்து வச்சாத்தான் சரிப்படும்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அடுத்த வாரமே குட்டி சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் மஞ்சளாக நுரை நுரையாகக் கக்கியது. மறுநாள் விடியும்போது முற்றத்தில் அது படுத்திருந்த இடத்தைச் சுற்றிலும் ரத்தம். அந்த வாடையை எப்படிச் சொல்வது? துரு ஏறிய இரும்பையும் அழுகின கறியையும் ஒன்றாக வைத்த மாதிரி. ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. ஆச்சி கொய்யாக் கொழுந்தை அவித்துப் புகட்டினாள். இளநீர் கொடுத்தோம். இரண்டும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. மூன்றாவது நாள் ராத்திரி போய்விட்டது.

தெரு கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அண்ணாச்சியின் தோட்டத்துக் கிணற்று மேட்டில் பூச்சி மருந்து டப்பா இருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சாட்சி வேறு சொன்னார். வாழைத் தோட்டத்தில் வேறு என்ன இருக்கும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. குட்டியைத் தென்னை மூட்டில் புதைத்தேன். முற்றத்தில் ஒரு வாளி பினாயில் ஊற்றிக் கழுவினேன். செவலை கடித்துக் குதறி வைத்திருந்த என் செருப்பு ஒன்று, வலது கால் செருப்பு, வார் அறுந்து கிடந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. திண்ணைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

தை மாதம் இன்னொரு குட்டி வந்தது. கறுப்பு. மிளகு என்று பேர் வைத்தாள் மகள். ஒன்பதாம் நாள் அதே மஞ்சள் நுரை. இந்தத் தடவை ஆச்சியின் கஷாயத்துக்குக் காத்திருக்கவில்லை. குட்டியைக் கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, பைக்கில் மாட்டிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கழுத்துத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார். தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "பூச்சி மருந்து குடுத்தீங்களா?"

"ஐயோ, நான் எதுக்கு டாக்டர் குடுக்கப் போறேன்? பக்கத்து வீட்டுக்காரர்தான்…"

அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வயித்துப் புழுவுக்குக் குடுக்கிற மருந்தைக் கேட்டேன்."

பிறகு ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குட்டியின் மலத்தைத் தொட்டு, ஒரு சின்னக் குப்பியில் இருந்த திரவத்தில் கலக்கி, வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் குழியில் சில சொட்டு விட்டார். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரியேதான் இருந்தது. ஒரு கோடு வந்தது. மின்விசிறிச் சத்தத்தில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது கோடு, முதலில் நிழல் மாதிரி, அப்புறம் அழுத்தமாக, வந்து நின்றது.

"பார்வோ" என்றார். "இதுக்கு முன்னால அந்த வீட்டுல ஏதாவது குட்டி செத்திருக்கா?"

பார்வோ என்றால் லத்தீனில் சின்னது. ஒரு மில்லிமீட்டருக்குள் 40,000 பார்வோ வைரஸை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. நாய் மனிதனோடு வாழ வந்து பல்லாயிரம் வருஷம் ஆகிறது, ஆனால் இந்த நோய் நாய்க்கு வந்து ஐம்பது வருஷம் சுமார்தான் ஆகிறது. 1978-இல்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். இரண்டே வருஷத்தில் உலகத்தையே சுற்றிவிட்டது. பூனைகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் தாக்கிக்கொண்டிருந்த ஒரு பழைய வைரஸின் வழியில் வந்து, நாயின் செல்லுக்குள் நுழையக் கற்றுக்கொண்டது அது. ஆச்சி, "எங்க காலத்துல இந்தச் சீக்கெல்லாம் கிடையாது" என்று சொல்கிறபோது வழக்கமாக நான் சிரிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது அப்பட்டமான உண்மை.

உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகிறதோ அங்கேதான் பார்வோவுக்கு வேலை. குட்டிக்கு அப்படி இரண்டு இடம், குடலின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும். குடலின் உள்தோல் புண்ணாகி உரிந்து வருவதைத்தான் நாம் ரத்தம் என்று பார்க்கிறோம். மஜ்ஜை அடிபடுவதால் வெள்ளை அணு விழுந்துவிடும். காவலும் போய் மதிலும் இடிந்த ஊர் மாதிரி, குடலில் இருக்கிற கிருமியெல்லாம் ரத்தத்துக்குள் ஏறும். வைரஸையே கொல்கிற மாத்திரை ஒன்றும் டாக்டரம்மாவிடம் இல்லை. நரம்பில் சலைன், வாந்தியை நிறுத்த ஒரு ஊசி, பின்னால் வருகிற கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக். குட்டி தானே சண்டை போட்டு ஜெயிக்கிற வரைக்கும் அதை உயிரோடு பிடித்து வைத்திருப்பதுதான் வைத்தியம். மிளகுக்கு ஐந்து நாள் சலைன் ஏறியது. நான் ஐந்து நாளும் மேசைக்குப் பக்கத்தில் நின்று அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து நாளில்தான் எனக்குப் பாடம் நடந்தது. "முதல் குட்டிக்கு ஊசி போட்டிருந்தாங்க டாக்டர்" என்று நான் சொன்னதற்கு, எத்தனை ஊசி, எந்த வயசில் என்று கேட்டார். ஒன்று, நாற்பது நாள் வாக்கில். அவர் தலையை ஆட்டினார். குட்டி பிறந்ததும் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது குட்டியைக் காக்கும். ஆனால் ஊசியில் இருக்கிற தடுப்பு வைரஸையும் அதுவே அடித்துப்போடும். நாள் ஆக ஆக அது குறையும். ஒரு கட்டத்தில் நிஜ நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு இறங்கியிருக்கும், ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு மிச்சமும் இருக்கும். அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வரும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஆறாவது வாரத்திலும் வரலாம், பதினாலாவது வாரத்திலும் வரலாம். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். முதல் ஊசியின் பலம் தேய்ந்துபோவதால் அடுத்தது போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால் போடுவது. "ஒரு ஊசி போட்டாச்சு" என்பது எங்கள் பக்கத்தில் குட்டி விற்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் சொல்கிற மந்திரம். அதில் பொய் இல்லை. அதை நம்பிக் கதவைத் திறந்து வைத்ததுதான் தப்பு.

அப்புறம் பினாயில். "பார்வோவுக்குப் பினாயில் தெளிக்கிறது பன்னீர் தெளிக்கிற மாதிரி" என்றார் டாக்டரம்மா. சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான ஒரு சட்டை உண்டு. கொரோனாவுக்கு உண்டு. சோப்பு அந்தச் சட்டையைக் கரைத்துவிடும், வைரஸ் செத்துவிடும். பார்வோவுக்குச் சட்டையே கிடையாது, அப்புறம் எதைக் கரைக்க? சோப்பு, சானிடைசர் எதுவும் நம்பும்படி வேலை செய்யாது. வீட்டில் வெளுக்கப் பயன்படுத்துகிற குளோரின் திரவம், ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர், அழுக்கை முதலில் கழுவிவிட்டுப் பத்து நிமிடம் ஊற விட்டால் சாகும். ஆனால் அது சிமெண்டுத் தரைக்கு. மண்ணில் ஊற்றினால், மண்ணில் இருக்கிற சாணியும் சருகுமே குளோரினைத் தின்றுவிடும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பார்வோ மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட, கிடக்கும். நல்ல வெயிலில் காய்ந்த மண்ணில் அவ்வளவு தாங்காது.

வேப்பமரத்தடி. ஐப்பசி. ஒரு வாளி பினாயில்.

"சரி, அந்த முதல் குட்டிக்கு எங்கேருந்து வந்திருக்கும்?" என்று நானே கேட்டேன். செவலை வெளியே போகாத குட்டி. அதற்குச் சீக்கு வருவதற்கு முந்தின வாரம் எங்காவது குட்டிகள் இருக்கிற வீட்டுக்குப் போனீர்களா என்றார். போயிருந்தேன். வீரவநல்லூரில் தெரிந்தவர் வீட்டில் ஒரு ஈற்றுக் குட்டிகள் ஒன்று மாற்றி ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. "வந்து பாரு, யாரோ மருந்து வச்சுட்டான்" என்று கூப்பிட்டிருந்தார். அரை மணி நேரம் அந்த முற்றத்தில் நின்று, மருந்து வைத்தவனை இரண்டு பேருமாகச் சபித்துவிட்டு வந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டேன். செவலை ஓடிவந்து வலது செருப்பைக் கவ்விக்கொண்டு போனது.

"அந்தச் செருப்பு இப்போ எங்க?"

"திண்ணைக்கு அடியிலதான் டாக்டர் இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிளகுக்கு அது செருப்பிலிருந்து வந்ததா மண்ணிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் செருப்பை எரித்தேன். ரப்பர் எரிகிற கறுப்புப் புகை வேலி தாண்டி அண்ணாச்சி வீட்டுப் பக்கம் போனது. அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் மிளகு இன்னொரு தடவை கக்கியது. அதில் சேமியா மாதிரி வெள்ளையாக நாலைந்து. ஒன்று மட்டும் என் விரல் நீளத்துக்கு மேல் இருந்தது. சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டது. டாக்டரம்மா முதலில் கேட்ட பூச்சி மருந்துக் கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இது உருண்டைப்புழு. ஊரில் நாக்குப்பூச்சி என்போம். எங்கே தின்றது, எதைத் தின்றது என்று குட்டியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பிறக்கும்போதே கொண்டு வந்திருக்கும். தாய் நாயின் சதைக்குள் இந்தப் புழுவின் இளசுகள் வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கின்றன. நாய் சினையாகி 42 நாள் வாக்கில், அதாவது ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவை விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போகின்றன. மிச்சம் உள்ளவை பாலில் வரும். தாய்க்கு நாம் கொடுக்கிற சாதாரணப் பூச்சி மருந்து குடலில் இருக்கிற புழுவைத்தான் கொல்லும், சதையில் தூங்குகிறதைத் தொடாது. ஆகையால் எவ்வளவு சுத்தமான வீட்டில் பிறந்தாலும் குட்டிக்குப் புழு இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது வாரத்திலேயே மருந்து ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று எட்டு வாரம் வரைக்கும், அப்புறம் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒன்று. 45 நாளில் வருகிற குட்டிக்கு அதற்குள் மூன்று தடவை ஆகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு தடவைகூட ஆகியிருக்காது. வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிந்தால், "நல்லா தின்னுது, வயிறப் பாரு" என்போம்.

பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு லட்சத்தைத் தொடுகிற அளவுக்கு முட்டை போடும். அந்த முட்டை அன்றைக்கே யாரையும் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பழுத்தால்தான் ஆபத்து. அதனால் நாயைக் கொஞ்சுவதைவிட, நாய் போன இடத்து மண்ணில் கை அளைந்துவிட்டு அப்படியே முறுக்கு தின்பதுதான் பிள்ளைகளுக்கு மோசம். மனிதனுக்குள் போன இளம்புழு குடலில் வளராது. வழி தெரியாத ஊருக்கு வந்தவன் மாதிரி ஈரல், நுரையீரல், சில சமயம் கண் என்று அலையும். நாய் இருந்த இடத்தை அன்றன்றைக்கு அள்ளிவிட்டாலே பாதிக் கதை முடிந்தது. இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து காலையில் கையில் மண்வெட்டியோடு முற்றத்தைச் சுற்றி வருகிறேன். ஆச்சிக்கு இதில் ஏக திருப்தி.

கொக்கிப்புழு வேறு ரகம். அது சாப்பாட்டைப் பங்கு போடாது, நேராக ரத்தம். நாயின் கொக்கிப்புழுவுக்கு வாயில் மூன்று ஜோடிப் பல். ஒரு புழு நாளுக்கு 0.1 மில்லி வரைக்கும் ரத்தம் வாங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு கிலோக் குட்டியின் உடம்பில் மொத்தமே 170 மில்லி சுமாருக்குத்தான் ரத்தம். நூறு புழு இருந்தால் நாளுக்குப் பத்து மில்லி போய்விடும். மூன்று வாரக் குட்டி ஈறு வெளுத்து, ஒரு ராத்திரியில் செத்துக் கிடந்தால் அதற்கும் நாங்கள் அண்ணாச்சி மாதிரி ஒருவரைத்தான் தேடுவோம்.

இந்தப் புழு வாய் வழியாக மட்டும் வராது, தோலைத் துளைத்தும் வரும். இதைக் கண்டுபிடித்தது கெய்ரோவில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 1898 வாக்கில் மனிதக் கொக்கிப்புழு வளர்த்த தண்ணீர் தவறிக் கையில் சிந்தியது. கை அரித்துச் சிவந்தது. கொஞ்ச நாள் கழித்து அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை. 1911-இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடம் கிடைத்த புழுவுக்குச் சிலோன் பெயரை வைத்தவரும் அவர்தான். அந்தச் சிலோன் புழு நம் பக்கத்து நாய், பூனைகளிலும் உண்டு. மற்ற நாய்ப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் போய் வழி தெரியாமல் திரியும், இது மனிதக் குடலிலும் தங்கி வளரும்.

அக்கா மகனுக்குப் போன கோடை விடுமுறையில் உள்ளங்கால் ஓரத்தில் ஒரு சிவந்த கோடு வந்தது. ஆற்று மணலில் வெறுங்காலோடு நாளெல்லாம் பந்து விளையாடியவன். முதலில் முள் என்று நினைத்தோம். மறுநாள் பார்த்தால் கோடு வளைந்து ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. ராத்திரி அரித்து அரித்து அழுதான். அக்கா பேனாவால் கோட்டின் முனையில் ஒரு புள்ளி வைத்தாள். காலையில் கோடு புள்ளியைத் தாண்டிப் போயிருந்தது. தோல் டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், நாயோ பூனையோ போன மணல் என்று. மாத்திரையில் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் புள்ளி வைத்த விஷயத்தை அவன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்படுகிறான்.

பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சியின் பூனை ஒன்று உண்டு, பெயர் கிடையாது, பூனை என்றால் வரும். அதன் வாலடியில் அரிசி ஒட்டியிருக்கிறது என்று மகள் எடுக்கப் போனாள். அரிசி நகர்ந்தது. நாடாப்புழுவின் துண்டு அது, உள்ளே முழுக்க முட்டை. அந்த முட்டையைப் பூனை தின்றால் ஒன்றும் ஆகாது. தெள்ளுப்பூச்சியின் குஞ்சு தின்ன வேண்டும், அது வளர்ந்து தெள்ளாகி, அந்தத் தெள்ளைப் பூனை நக்கி விழுங்க வேண்டும். ஆகவே தெள்ளை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் அரிசி திரும்ப வந்துவிடும். எங்களுக்கு வந்தது.

பூனைக்குட்டிகள் ஒரே வாரத்தில் கூண்டோடு போவதற்கு ஊரில் கண்ணேறு என்று பேர். பெரும்பாலும் அது பூனைப் பார்வோ, நாய்ப் பார்வோவுக்கு மூத்த உறவு. பூனைக்கும் இதற்கு ஊசி உண்டு. எங்கள் ஊரில் பூனைக்கு ஊசி என்று சொன்னால் சிரிக்கிறார்கள், அது வேறு கதை. பூனை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்கு நம் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அதைப் பிரித்து வெளியேற்றுகிற வசதி பூனையின் ஈரலில் இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதுதான் நிஜமாகவே மருந்து வைப்பது.

டிஸ்டெம்பர் என்று இன்னொரு நாய்ச் சீக்கு உண்டு. அது எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தெருவுக்கு வந்தது. தட்டம்மை வைரஸுக்குச் சொந்தக்காரன் அது. நம் மாடுகளை வாரிக்கொண்டு போய், 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்த வெக்கை நோய்க்கும் சொந்தம். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும், இருமும். சில நாய்களுக்கு அது மூளைக்கு ஏறும். எதையோ மெல்லுகிற மாதிரி வாய் அசையும், நுரை தள்ளும், ஒரு கால் மட்டும் தாளம் போடுகிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். கோயில் வாசலில் ஒரு நாய் அப்படித் துடித்ததை வெறி என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள். வெறியாகவும் இருந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்து யாரும் பிரிக்க முடியாது. ஆனால் இது ஊரோடு முடிகிற விஷயமும் இல்லை. நமக்கு மேற்கே இருப்பது களக்காடு முண்டந்துறை, 1988-இலிருந்து புலிகள் காப்பகம். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது இந்த நாய்ச் சீக்குதான். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். மலையடிவாரத்து ஊர்களில் நாய்க்குப் போடுகிற ஊசி புலிக்கும் செந்நாய்க்கும் சேர்த்துப் போடுகிற ஊசி என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை. மிளகு திண்ணையில் கொழுத்துப் படுத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார், கெண்டைக்காலில் ரத்தம். தெருநாய் ஒன்று கடித்துவிட்டு ஓடியிருக்கிறது. மதினி உள்ளேயிருந்து சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "மதினி, அதைப் போடாதிங்க!" என்பதுதான். வேலியைத் தாண்டி அவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். காலை நீட்டச் சொல்லி, குழாயைத் திறந்து, துணி சோப்பைப் போட்டேன். வெறி வைரஸுக்குக் கொழுப்புச் சட்டை உண்டு. பார்வோவிடம் தோற்ற சோப்பு இங்கே ஜெயிக்கும். ஓடுகிற தண்ணீரில், 15 நிமிடம், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடித்த இடத்திலிருந்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுவதற்கு அது நாள் எடுத்துக்கொள்ளும். ஏறிவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணாச்சி பயந்தது நாய்க்கு அல்ல. "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவானே தம்பி" என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய மாமாவுக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறார். ஆட்டு மூளையில் செய்த பழைய மருந்து அது. 1907-இல் தொடங்கின குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அந்த நாளில் அதைத்தான் தயாரித்தார்கள். 2005 வாக்கில் நாடு முழுக்க நிறுத்தியாகிவிட்டது என்றும், இப்போது கையில் நாலைந்து ஊசிதான், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, ஆனால் ஒரு தவணையும் விடக்கூடாது என்றும் சொன்னேன். கடி ஆழமாக இருந்தால் புண்ணைச் சுற்றி இன்னொரு ஊசியும் உண்டு என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. பைக்கை எடுக்கச் சொல்லி மகளிடம் சாவி கேட்டேன். "இன்னும் கழுவி முடியலையே" என்றாள் அவள், கையில் கடிகாரத்தோடு.

15 நிமிடம் என்பது கேட்கும்போது சின்னது. ஒருவருடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மகா நீளம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மிளகு வந்து அவருடைய இன்னொரு காலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. நான் தலையைத் தூக்கவில்லை.

"என்னடே" என்றார் அண்ணாச்சி. "அந்தச் செவலைக்கு நாந்தான் மருந்து வச்சேன்னு நெனச்சுட்டே, இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பு விஷயத்தைச் சொன்னேன். வீரவநல்லூர், முற்றம், வார் அறுந்தது, எரித்தது. அவர் குழாயைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார். "அந்த விடைக்கோழிக்கு முந்நூறு ரூவா தரணும் நீ."

"தாரேன் அண்ணாச்சி" என்று சோப்பை இன்னொரு தடவை போட்டேன். மகள் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு என்றாள்.